மனநோய் மாத்திரையும் காசநோய்க் கிருமியும்

ஒரு மருந்துக்கு ஒரு வேலைதான் என்று யார் சொன்னது? தலைவலிக்கு வாங்கும் ஆஸ்பிரினை இருதய நோயாளிகளும் தினமும் சாப்பிடுகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரையை டி.பி.க்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டால் மட்டும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கேட்கப்படும் கேள்வி இது. முடிவான பதில் இன்னும் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் விஷயம். (நான் டாக்டர் இல்லை. மும்பையில் ஒரு மருந்து கம்பெனியில் ஃபைல் பார்க்கிறவன், அவ்வளவுதான்.)

கதை ஒரு சாயத்தில் ஆரம்பிக்கிறது. 1876ல் ஜெர்மனியில் துணிக்குப் போடுவதற்காக மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைத் தயாரித்தார்கள். அது மலேரியாக் கிருமியில் ஒட்டிக்கொள்வதைக் கவனித்த பால் எர்லிக், 1891ல் பெர்லினில் குட்மனுடன் சேர்ந்து இரண்டு மலேரியா நோயாளிகளுக்கு அதையே மருந்தாகக் கொடுத்தார். இருவரும் தேறினார்கள். அந்தச் சாயத்தின் எலும்புக்கூட்டுக்குப் பெயர் பெனோதயாசின். அதே எலும்புக்கூட்டின் மேல் 1950ல் பிரான்சில் குளோர்ப்ரோமசின் பிறந்தது. 1952ல் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். மனநல மருத்துவத்தின் வரலாறே திரும்பியது. தயோரிடஸினும் இதே குடும்பம்தான். ஆக, கிருமியைக் கொல்லும் குணம் இந்தக் குடும்பத்தில் முன்பே இருந்தது. புகழ் மட்டும் வேறு வேலையில் வந்துவிட்டது.

அதே 1952ல் நியூயார்க்கின் சீ வ்யூ மருத்துவமனையில் நேர் எதிரான ஒன்று நடந்தது. ஐப்ரோனயாசிட் என்ற புது டி.பி. மருந்தைச் சாப்பிட்டவர்கள் காரணமில்லாமல் உற்சாகமானார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து ஆடிய படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 1957ல் நேதன் க்ளைன் என்ற மனநல மருத்துவர் இதை மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்து அறிவித்தார். ஒரே வருடத்தில் சுமார் 4 லட்சம் மனச்சோர்வு நோயாளிகளுக்கு அந்த மருந்து போய்ச் சேர்ந்தது! பிற்பாடு கல்லீரலைக் கெடுக்கிறது என்று விலக்கினார்கள். ஆனால் மனச்சோர்வு மருந்துகளின் காலம் அங்கேதான் தொடங்கியது.

டி.பி. வார்டிலிருந்து மனநல வார்டுக்குப் போன மருந்துக்குச் சிவப்புக் கம்பளம். எதிர்த்திசையில் வந்த மருந்துக்கு?

நம் நாட்டிலேயே தடயங்கள் உண்டு. கொல்கத்தாவில் தஸ்திதார், சக்ரவர்த்தி ஆகியோர் இந்தக் குடும்பத்து மருந்துகளின் கிருமிக்கொல்லிக் குணத்தைப் பற்றி 1970களிலிருந்து எழுதி வந்தார்கள். 1992ல் ரத்னாகர், மூர்த்தி என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் ட்ரைஃப்ளூவோபெரசின் என்ற மனநோய் மருந்து காசநோய்க் கிருமியைத் தடுப்பதைக் காட்டினார்கள். அதே வருடம் அமெரிக்காவில் குளோர்ப்ரோமசினைப் பற்றியும் இதே செய்தி வந்தது. 2000 வாக்கில் லிஸ்பனில் லியோனார்ட் அமரால் குழு, பல மருந்துகளுக்கும் அடங்காத டி.பி. கிருமியிடம்கூட தயோரிடஸின் எடுபடுவதைச் சோதனைக்கூடத்தில் கண்டது.

எப்படி எடுபடுகிறது? படகில் புகுந்த தண்ணீரை இறைத்துக் கொட்டுவது போல, உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் கிருமிகளுக்கு உண்டு. தயோரிடஸின் அந்தப் பம்புகளை முடக்குகிறது. கிருமியின் சுவாசச் சங்கிலியிலும் கை வைக்கிறது.

மும்பையில் இருப்பவர்களுக்கு இது வெறும் சோதனைக்கூடக் கதை இல்லை. எந்த மருந்துக்கும் அடங்காத டி.பி. என்று ஹிந்துஜா மருத்துவமனையின் டாக்டர் சரீர் உத்வாடியா குழு நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதியது 2012ல் பெரிய பரபரப்பானது. அந்தப் பெயரே தவறு என்றது அரசு. அதற்கு முன்பே, வேறு வழியில்லாத சில நோயாளிகளுக்கு அதே குழு தயோரிடஸினைக் கொடுத்துப் பார்த்து 2011ல் வெளியிட்டிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தாராவியில் இரண்டு வருடம் இந்த நோயோடு போராடினார். தினமும் ஊசி. உயிர் பிழைத்தது, ஒரு காது போய்விட்டது. அக்கம்பக்கத்தில் "ஆஸ்துமா" என்றுதான் சொல்லியிருந்தார்கள். டி.பி. மாத்திரை, மனநோய் மாத்திரை இரண்டையும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறவர்கள்தானே நாம்?

மறுத்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தயோரிடஸின் இருதயத் துடிப்பின் தாளத்தைக் கலைக்கும். இதனாலேயே 2000ல் அமெரிக்காவில் அதன் மேல் கடும் எச்சரிக்கை அச்சிட்டார்கள். 2005ல் மூல நிறுவனமே விற்பனையை நிறுத்திக்கொண்டது. அடுத்து, சோதனைக்கூடத்தில் கிருமியைக் கொல்லும் அளவு மனித ரத்தத்தில் எட்டாத அளவு. டி.பி. கிருமி ஒளிந்திருக்கும் வெள்ளணுக்களுக்குள் மருந்து குவிகிறதே என்று ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள். 2010ல் எலிகளில் நல்ல பலன் தெரிந்தது. 2013ல் வெளியான இன்னொரு விலங்கு ஆய்வில், செல்லுக்கு வெளியே இருக்கும் கிருமிகளை அது கொல்லவில்லை. அர்ஜென்டினாவில் தேறிய நோயாளிகளுக்கு லைன்சோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்ற இரண்டு வலுவான மருந்துகளும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. எது குணமாக்கியது என்று யார் சொல்வது?

எல்லாம் சரி. ஆனால் 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புது டி.பி. மருந்து பெடாகுலினைப் பாருங்கள். அதுவும் இருதயத் தாளத்தைக் கலைக்கக்கூடியதுதான். அதன் மேலும் கடும் எச்சரிக்கை அச்சாகியிருந்தது. ஆனாலும் ஈ.சி.ஜி. எடுத்துக் கவனித்துக்கொண்டே கொடுத்தார்கள், பலனையும் கண்டார்கள். பெடாகுலின், ப்ரெடோமனிட், லைன்சோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாத சிகிச்சைக்கு 2024ல் இந்தியாவும் அனுமதி தந்தது. இரண்டு வருட ஊசி எங்கே, ஆறு மாத மாத்திரை எங்கே! இந்த நான்கில் கடைசி இரண்டும் வேறு நோய்க்கிருமிகளுக்காக வந்து இங்கே வேலை மாறியவை. ஆகவே வேலை மாறுவது குற்றமில்லை. பெடாகுலினுக்கு ஒரு கம்பெனியும் ஒரு பேடன்டும் இருந்தன. காலணா விலைக்கு வந்துவிட்ட பழைய தயோரிடஸினுக்கு யார் கோடிகளைக் கொட்டிச் சோதனை நடத்துவார்கள்? போதாததற்கு "பைத்திய மாத்திரை" என்ற பெயர் வேறு.

சந்தேகப்பட்டதில் தப்பில்லை. சந்தேகத்தைத் தீர்க்கப் பெரிய சோதனை நடத்தாமல் விட்டதுதான் தப்பு. சென்னை இதற்கு எப்போதோ வழிகாட்டிவிட்டது. டி.பி. நோயாளியை சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே குணப்படுத்த முடியுமா என்று உலகமே சந்தேகப்பட்ட காலம். 1956ல் தொடங்கிய மெட்ராஸ் ஆய்வு மையம் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரே மருந்துகளைக் கொடுத்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. வீடும் சானடோரியத்துக்குக் குறைந்ததில்லை என்ற முடிவு 1959ல் வெளியானது. சேத்துப்பட்டில் இருக்கும் அதே மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதில் கொடுத்த ஐசோனியாசிட், ஐப்ரோனயாசிட்டின் உடன்பிறப்பு!

2023ல் உலகின் டி.பி. நோயாளிகளில் 26 சதவீதம் பேர் இந்தியாவில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெடாகுலினுக்கும் அடங்காத கிருமிகள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. இந்த நிலையில் பழைய பெட்டியில் கிடக்கும் மருந்தைப் பெயரைப் பார்த்து ஒதுக்கும் வசதி நமக்கு இல்லை. அதற்காக இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்குப் போய் தயோரிடஸின் கேட்காதீர்கள், சாமி! இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். மாத்திரை கொடுத்தால் கடைசி நாள் வரை விழுங்குங்கள். டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாவது.