பாவையும் பூப்பில்லாவும்

கண்டாச்சிபுரத்துப் பக்கம் பிள்ளையின் கண்ணில் தூசி விழுந்தால் கசக்க விடமாட்டார்கள். கண்ணுப் பாப்பாவில் பட்டுவிடும் என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். கருவிழி நடுவிலுள்ள அந்த வட்டத்துக்கு உடற்கூற்றியலில் வழங்கும் லத்தீன் பெயர் பூப்பில்லா. பூப்பா என்றால் சிறுமி, பொம்மை. அதன் குறுமை வடிவமே பூப்பில்லா. சிசரோ பூப்புலா என்று எழுதினார். கிரேக்கர் கோரே, அதாவது கன்னி என்றனர். இரு கண்மணிகளும் அளவில் வேறுபட்டிருப்பதை மருத்துவர்கள் அனைசோகோரியா என்கிறார்களே, அதற்குள் இருப்பவள் அந்தக் கன்னிதான். வடமொழியின் கனீனிகாவுக்கும் பெண்பிள்ளை என்ற பொருள் உண்டு. தமிழிலோ பாவை.

பாப்பா, பூப்பா என்ற ஒலியொப்புமையைப் பிடித்துக்கொண்டு லத்தீனுக்குத் தமிழே மூலம் என்று சொல்ல ஆசை வரும். நான் அதை ஏற்கவில்லை. இதழ் ஒட்டிப் பிறக்கும் ஒலிகள் மழலைக்கு எளியவை. அதனால் பல மொழிகளிலும் குழந்தையைச் சுற்றி அவை வந்து சேர்கின்றன. பொருள் ஒத்துப்போனதற்குக் காரணம் கண்ணிலேயே இருக்கிறது. விழிவெண்படலத்தின் முன்பரப்பு, வளைவு ஆரம் 8 மி.மீ.க்குச் சற்றே குறைந்த குவியாடி. ஓரடி எதிரே நிற்பவரின் முகம் அதில் 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கி, நிமிர்ந்தபடி தெரியும். பின்னால் கண்மணியின் கருமை. அதனால் உருவம் துலங்கும். எதிராளியின் கண்ணில் தன் முகம் தெரிவதைப் பிளேட்டோவின் பெயரில் வழங்கும் 'அல்சிபியாடீஸ்' உரையாடலும் பேசுகிறது.

லத்தீனில் பூப்பில்லா ஒரு பெயராக நின்றுவிட்டது. வள்ளுவரோ அந்தப் பாவையோடு பேசவே செய்கிறார். காதற்சிறப்புரைத்தல் அதிகாரத்தில் தலைவன் தன் கருமணிப் பாவையை வெளியே போகச் சொல்கிறான். தான் விரும்பும் பெண்ணுக்கு அங்கே இடம் வேண்டுமாம். கண்ணின் நடுவே ஓர் உருவம் குடியிருப்பதைக் கேட்போரும் அறிவார்கள் என்ற துணிவில்லாமல் இப்படி எழுத முடியாது. சொற்பிறப்பு நூல்கள் கோரேயையும் பூப்பில்லாவையும் அருகருகே வைக்கும்போது இந்தக் குறளையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு விழிவெண்படலத்தில் பிம்பம் தெரிவது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. மாறுகண் பார்க்கையில் டார்ச் ஒளி விழிவெண்படலத்தில் எங்கே மின்னுகிறது என்றுதான் கவனிக்கிறார்கள். புள்ளி நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினால் கண் ஏறத்தாழ 7 பாகை திரும்பியிருக்கிறது. கண்புரை அறுவைக்கு முன், பொருத்தவேண்டிய வில்லையின் திறனைக் கணக்கிட உதவும் கெரட்டோமீட்டர் அளப்பதும் அதே பிரதிபிம்பத்தின் அளவைத்தான்.