கொல்லிமலைச் சாலையும் திரைப்புள்ளிகளின் செறிவும்

நாமக்கல் மாவட்டத்தின் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் உள்ள 70 கொண்டை ஊசி வளைவுகள், அப்பகுதியை வரைபடமாக்குவோர்க்கு ஒரு கடினமான வினாவை எழுப்புகின்றன. மிகக் குறுகிய இடத்துக்குள் முன்னும் பின்னுமாக மடங்கும் ஒரு பாதையை, எந்த அளவில் வரைந்தால் அதன் உருவம் குலையாமல் கண்ணுக்குப் புலப்படும் என்பதே அவ்வினா.

1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோட்டை அளந்து தொடங்கிய முக்கோண அளவைப் பணி, தென்னிந்திய வரைபடங்களுக்கு உறுதியான அடித்தளமிட்டது. இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்றத் தாள்கள் நெடுங்காலம் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360 என்ற விகிதத்தில் அச்சாயின. மெட்ரிக் முறை வந்தபின் அவ்விகிதம் 1:50,000 ஆயிற்று. இதன்படி தாளின் ஒரு மில்லிமீட்டர் நிலத்தின் 50 மீட்டரைக் குறிப்பதால், அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள சாலைக் கோடே 25 மீட்டர் அகலத்தை அடைத்துக்கொள்கிறது. எனவே நெருங்கிய வளைவுகளில் சிலவற்றை விடுத்துச் சிலவற்றைச் சற்றே விரித்து வரையும் ‘பொதுமைப்படுத்தல்’ இன்றியமையாததாயிற்று. ஆயினும் அச்சான தாளின் அளவு மாறாததால், வரைந்தவர் கருதிய அளவிலேயே பயன்படுத்துவோரும் அதைக் கண்டனர்.

கைப்பேசி இந்த உறுதியைக் குலைத்தது. திரையின் உருவம் பிக்சல் எனப்படும் நுண்புள்ளிகளால் ஆனது. ஓர் அங்குல நீளத்தில் அமையும் அப்புள்ளிகளின் எண்ணிக்கையே புள்ளிச் செறிவு. 2007இல் வெளிவந்த முதல் ஐபோனில் 163ஆக இருந்த இச்செறிவு, 2010இல் அதே 3.5 அங்குலத் திரை கொண்ட ஐபோன் 4இல் 326 ஆயிற்று. இணைய வரைபடங்களோ பக்கத்துக்கு 256 பிக்சல் கொண்ட சதுரப் படங்களாக அனுப்பப்பட்டு வந்தன. அவற்றின் 15ஆம் பெருக்க நிலையில், கொல்லிமலையின் அட்சக்கோட்டில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 4.7 மீட்டரைக் குறிக்கும். செறிவு 160ஆக உள்ள திரையில் ஓர் அங்குலம் சுமார் 750 மீட்டரைக் காட்டுமெனில், அதே படம் மாற்றமின்றி 480 செறிவுள்ள திரைக்கு வரும்போது இரண்டேகால் கிலோமீட்டர் ஓர் அங்குலத்துக்குள் ஒடுங்கி, ஊர்ப்பெயர்களும் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும்.

2009 செப்டம்பரில் வெளியான ஆண்ட்ராய்டு 1.6, பல்வேறு செறிவுள்ள திரைகளுக்கு இடமளித்து இச்சிக்கலுக்கு வழிகண்டது. செயலியை உருவாக்குவோர் நீள அகலங்களை நேரடியாகப் பிக்சலில் குறிக்காமல், ஏறக்குறைய 1/160 அங்குலமாக அமையும் ‘டிபி’ என்னும் அலகில் குறித்தால், 160 செறிவுள்ள திரையில் ஒரு பிக்சலும், 240இல் ஒன்றரையும், பின்னாளில் வந்த 320, 480 செறிவுகளில் முறையே இரண்டும் மூன்றுமாகக் கருவியே பெருக்கிக்கொள்ளும். இதனால் பொத்தானும் எழுத்தும் எல்லாத் திரைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றன. ஆனால் இரட்டிக்கப்பட்ட வரைபடச் சதுரங்கள் மங்கின. அதற்கு விடையாக 512 பிக்சல் சதுரங்கள் புழக்கத்துக்கு வந்தன. 2010 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கான கூகுள் மேப்ஸ், படத்துக்கு மாற்றாகச் சாலையின் ஆயத்தொலைவுகளை அனுப்பி, கருவியே தன் செறிவுக்கேற்பக் கோடு வரையும் முறைக்கு மாறியது.

இம்மாற்றங்கள் அனைத்தும் கோட்டின் அளவையும் கூர்மையையுமே சீராக்கின. பார்வையைச் சுருக்கும்போது 70 வளைவுகளில் எவற்றை விடுப்பது என்ற தீர்மானம், லாம்ப்டனின் காலத்துக்குப் பின்னும் வரைபடக்காரர்க்கே உரியதாயிருக்கிறது. திரையின் செறிவு எவ்வளவு உயர்ந்தாலும், அளவையில் பதியாத ஒரு வளைவை அது காட்டிவிடாது.