கல் நிலத்துக் கொல்லைகள்: தாம்பரத்தின் வீட்டுத் தோட்ட வரலாறு

பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்தில் நிலத்தடியில் சார்னோகைட் எனப்படும் கடினமான கருங்கல் பரவியிருப்பதாலும், ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதாலும், இங்கே செடி வளர்ப்பது எஞ்சிய மாதங்களுக்கு ஈரத்தைக் காக்கும் கலையாகவே இருந்துவந்துள்ளது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலைவிட்டுத் தாம்பரத்தின் புதர்க்காட்டுக்கு இடம்பெயர்ந்தபோது, வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் வளாகத்தில் மரங்களை நட்டுப் பேணினர். குளிர்நாட்டுத் தோட்ட மரபில் வந்தோருக்குச் சித்திரை வெயில் கடுமையான ஆசானாக இருந்திருக்க வேண்டும்.

சுற்றிலும் எழுந்த குடியிருப்புகளிலோ, கொல்லை எனப்படும் வீட்டின் பின்புற நிலம் முருங்கை, வாழை, கறிவேப்பிலை, தென்னை ஆகியவற்றுக்கு உரியதாயிற்று. பாத்திரம் கழுவிய நீரை வாழைப் பாத்திக்குத் திருப்பிவிடும் சிறு வாய்க்கால், எளிமையாலேயே வரலாற்றாசிரியர் கவனத்தில் படாத பாசன முறையாகும்.

அடுக்ககங்கள் பெருகிக் கொல்லை சுருங்கிய நிலையில், 2013-இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டம், ஈரத்தைப் பிடித்துவைப்பதும் எடை குறைந்ததுமான தென்னை நார்க்கழிவை வளர்ப்புப் பைகளுடன் மானிய விலையில் வழங்கியது. ஆயினும் கத்திரி வெயிலில் சூடேறும் கான்கிரீட் தளத்தில், நிழல்வலை இல்லையேல் தக்காளிப் பூக்கள் காயாகாமலே உதிர்வதால், கோடையை வெண்டைக்கும் கீரைக்கும் விட்டுக்கொடுப்பதே வழக்கமாயிற்று.