பருவம் தவறும் மழையும் நம் நெல் வயல்களும்

காலை இட்லி முதல் நோன்புக் கஞ்சி வரை நம் வீடுகளில் அரிசி இல்லாத நாள் இல்லை. அந்த அரிசியைத் தரும் காவிரி டெல்டாவில் பருவநிலை மாற்றம் என்ன செய்கிறது என்பதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுவது வழக்கம். அந்தத் தண்ணீரை நம்பியது குறுவை. ஆற்று நீரையும் மழையையும் சேர்த்து நம்பியவை சம்பாவும் தாளடியும். காவிரியின் நீர்வரத்து, கர்நாடகத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைப் பொறுத்தது. ஆக, டெல்டா விவசாயிக்கு இரண்டு மழைகளும் காலத்தில் வர வேண்டும்.

மழை பொய்த்தால் என்னவாகும் என்பதை 2016 காட்டியது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மாறாக, 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பாவின் மீது கனமழை கொட்டியது. கதிர்கள் சாய்ந்து, நெல் வயலிலேயே முளைத்தது. கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்தின் பொதுவான வரம்பு 17 சதவீதம். நனைந்த நெல்லை அந்த அளவுக்கு உலர்த்துவதற்குள் விவசாயி படும் பாடு கொஞ்சமல்ல.

வெப்பமும் நெல்லைத் தாக்குகிறது. பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செயலிழந்து, மணி பிடிக்காமல் பதர் கூடுகிறது. இரவு வெப்பமும் முக்கியம். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தபோது வறண்ட பருவ நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததை, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களின் தரவுகளைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. கடலோரத்தில் வேறொரு தொல்லை. ஆற்று நீர் குறையும்போது உப்பு நீர் உட்புகுந்து கடைமடை நிலங்களைக் கெடுக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எப்போதும் நீர் நிற்கும் வயலின் சேற்றில், காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது புவியை மேலும் சூடாக்குகிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையில், துளையிட்ட குழாயை வயலில் நட்டு, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி நீர் பாய்ச்சுகிறார்கள். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. இதனால் தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறைவு. தாழ்வான வயல்களுக்கு, சுமார் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகம் இருக்கிறது. எனினும் வடிகால் வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தால் எந்த ரகமும் முழுமையாகக் காக்காது.

நிலம் உள்ளவர்கள் பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட வேண்டாம். குத்தகைக்கு விட்டிருப்பவர்கள், சாகுபடி செய்பவரின் பெயரில் அடங்கல் கிடைக்க ஒத்துழைக்க வேண்டும். சேதம் வந்தால் நிவாரணம், உழுதவரின் கைக்குப் போய்ச் சேர அதுவே வழி. நிலம் இல்லாத நாமும் ஒரு பருக்கையைக்கூட வீணாக்காதிருப்போம்.