ஊசிக்குப் பயந்தவர்கள் யார்?

2021இல் தடுப்பூசி முகாம்கள் பல இடங்களில் காற்று வாங்கிக்கொண்டிருந்த மாதங்களில் ஒரே ஒரு சொல்தான் எங்கும் கேட்டது: ‘அறியாமை’. சேரியில் ஊசி போட வரவில்லையா, அறியாமை. பழங்குடிக் கிராமத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்களா, அறியாமை. தொலைக்காட்சி விவாதங்களில் உட்கார்ந்தவர்கள், இந்த மக்களுக்கு அறிவியலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று கவலைப்பட்டார்கள். இந்த மக்களிடம் அறிவியல் எந்த முகத்தோடு வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் தடுப்பூசிக்கு எதிரானவர்கள் அல்ல. பெரியம்மையை உலகத்திலிருந்தே துரத்தியது ஊசிதான். கொரோனாவிலும் ஊசி உயிர்களைக் காத்தது. ஆனால் ஊசி நல்லது என்பது ஒரு விஷயம். ஊசியைப் பிடித்திருக்கும் கையை நம்பலாமா என்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அறியாமை என்ற சொல்லை அவசரமாக எடுத்து வீசுகிறார்கள்.

இந்தியாவில் முதல் அம்மைத் தடுப்பூசி 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமிக்குப் போடப்பட்டது. அன்று குளிர்பெட்டி கிடையாது. மருந்து கையிலிருந்து கைக்குத்தான் போக வேண்டும். ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்பார்கள். எட்டாம் நாள் அந்தக் கையிலிருந்து இன்னொரு கைக்கு. இந்தச் சங்கிலி அறுந்துபோகாமல் காத்ததில் ஏழை வீட்டுக் குழந்தைகளின், ‘கீழ்ச்சாதி’ என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சில காசு கொடுத்து அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போவார்கள். ஆதிக்க சாதியினர் என்ன செய்தார்கள்? அந்த உடம்பிலிருந்து வந்த நீர் எங்கள் உடம்பில் ஏறினால் தீட்டு என்று மறுத்தார்கள். இதுவும் தடுப்பூசித் தயக்கம்தான்! பாடப்புத்தகங்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மத உணர்வு’.

அந்த மத உணர்வுக்கு வெள்ளைக்காரன் கொடுத்த மரியாதையையும் பாருங்கள். சென்னையில் திருக்குறளை ஆராய்ந்த எல்லிஸ் துரை, இந்த மருந்து பசு தந்த கொடை என்று சொல்லும் கதை ஒன்றையே எழுதினார். பசுவின் பெயரைச் சொன்னால் தீட்டு கழிந்துவிடும் என்ற கணக்கு. மாடு தின்கிற மக்களுக்கு அந்தக் கதையால் என்ன பயன் என்று அவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

இனி 1896க்கு வருவோம். சீனத்திலிருந்து கிளம்பி 1894இல் ஹாங்காங்கை உலுக்கிய பிளேக், 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் கண்டறியப்பட்டது. அக்டோபர் 6 அன்று மாநகராட்சிக் கமிஷனர் ஸ்னோ ஓர் ஆணை போட்டார். நோயாளி என்று சந்தேகப்பட்டால் வீட்டிலிருந்து தூக்கிப்போகலாம், வீட்டைக் காலி செய்யலாம், சாமான்களைக் கொளுத்தலாம். அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர்கள் சுமார் ஆயிரம் பேர் ஆர்தர் ரோடு மருத்துவமனையை முற்றுகையிட்டுத் தாக்கினார்கள். மறுநாளே ஆணை தளர்த்தப்பட்டது.

ஏன் தளர்ந்தது? இந்த இடத்தைத்தான் மாணவத் தோழர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். மலம் அள்ளும் ஹலால்கோர்களும் தெருப் பெருக்கும் தொழிலாளர்களும் நகரத்தை விட்டுப் போகும் நிலையில் இருந்தார்கள். அவர்கள் போய்விட்டால் பம்பாய் மனிதர் வாழ முடியாத இடமாகிவிடும் என்று ஸ்னோவே தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1897 பிப்ரவரிக்குள் ஏறக்குறைய பாதி நகரம் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியது. வியாபாரிகள், குமாஸ்தாக்கள் ஓடியதை அரசு பொறுத்துக்கொண்டது. பீக்கூடை சுமந்தவர்கள் ஓடுவார்களோ என்ற பயம் மட்டும் ஒரு சாம்ராஜ்யத்தின் ஆணையை வளைத்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் கையில் ஒரு மாநகரத்தின் உயிர் இருந்தது. இந்தச் செய்தி எத்தனை பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

பாடப்புத்தகத்தில் இருப்பது புனே. 1897 ஜூன் 22 அன்று ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். காரணம், சிப்பாய்கள் பூசையறையிலும் அடுப்படியிலும் நுழைந்தார்கள். சிப்பாய்களின் அத்துமீறலை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பிளேக் வரலாறு என்றாலே அடுப்படித் தீட்டிலிருந்து தொடங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அதே ஆண்டு, அதே புனேயின் ஓரத்தில், முண்ட்வா மகார் குடியிருப்பில் பிளேக் கண்ட ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு சாவித்திரிபாய் பூலே நடந்தார். மகன் யஷ்வந்த் நடத்திய மருத்துவ முகாமுக்கு அவனைக் கொண்டு சேர்த்தார். நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். அந்த மக்கள் மருத்துவத்துக்குப் பயந்தவர்கள் என்றால் அந்தக் கைகளை எப்படி நம்பினார்கள்?

1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்கள் சட்டம் வந்தது. இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் போகாத இந்தச் சட்டத்தைத்தான் 2020இலும் தூசு தட்டி எடுத்தார்கள். ரயிலடிகளில் மூன்றாம் வகுப்புப் பயணிகளை இறக்கி, வரிசையில் நிறுத்தி, அக்குளையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்த்தார்கள். பணமுள்ள சமூகங்கள் சாதிக்கொரு பிளேக் மருத்துவமனை திறந்துகொள்ள அரசு இடம் கொடுத்தது. காசில்லாத சாதிக்குப் போக்கிடம் அரசு மருத்துவமனைதான்.

இந்தச் சூழலில்தான் ஊசி வந்தது. ஒடெசாவில் பிறந்த யூத விஞ்ஞானி ஹாஃப்கின் பம்பாயில் பிளேக் தடுப்பூசியைத் தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று 10 மில்லி மருந்தை முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். அதை மதிக்கிறோம். அடுத்துப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தது பைகுல்லா சிறைக் கைதிகளுக்கு. முன்வந்தவர்களுக்கே போட்டதாகப் பதிவு சொல்கிறது. சிறைக்குள் ‘முன்வருதல்’ என்றால் என்ன என்று சிறை பார்த்த தோழர்களுக்குத் தெரியும். ஊசி வேலை செய்தது. போட்டவர்களிடையே நோயும் சாவும் குறைந்தன. ஆனால் போட்ட பின் காய்ச்சல் அடிக்கும், கை வீங்கும், ஓரிரு நாள் எழ முடியாது. அன்றாடம் கூலி வாங்குபவனுக்கு ஓரிரு நாள் என்பது அடுப்பு எரியாத நாள்.

வதந்திகளும் பறந்தன. ஊசி ஒரு கஜ நீளம். போட்டால் ஆண்மை போகும், பெண்ணுக்குக் கரு தங்காது. மகாராணி சிலையில் தார் பூசியதற்குப் பழிவாங்க மருத்துவமனையில் உள்ளுறுப்பை எடுக்கிறார்கள். 2021இல் நாம் கேட்டவற்றுக்கும் இவற்றுக்கும் ஊர் பெயர் தவிர அதிக வித்தியாசமில்லை. இவை பொய்கள்தான். ஆனால் வீட்டைக் கொளுத்தி, உடம்பைத் தடவிப் பார்த்த கையே மறுநாள் ஊசியோடு வந்தால், எந்தப் பொய்யையும் நம்ப மனம் தயாராகத்தான் இருக்கும். வற்புறுத்தலைக் கைவிட்டு, விரும்புகிறவர்களுக்கே ஊசி என்ற பாதைக்கு அரசு இறங்கி வந்தது. 1898இல் ஹுப்ளியில் பல்லாயிரம் பேர் போட்டுக்கொண்டார்கள். பம்பாயில் இளம் ஆகா கான் ஊரறிய ஊசி போட்டுக்கொண்ட பிறகு அவர் சமூகத்தவர் திரண்டு வந்தார்கள். தன்னவர் சொன்னால் மக்கள் கேட்டார்கள்.

பயத்துக்கு மெய்யான காரணமும் ஒன்று உண்டு. 1902 அக்டோபர் 30 அன்று, இன்று பாகிஸ்தானில் இருக்கும் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. புட்டியைத் திறந்தபோது தரையில் விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாததே காரணமாக இருக்கலாம் என்ற வாதம் வலுத்து, 1907இல்தான் அவர் மேலிருந்த பழி நீங்கியது. உலக விஞ்ஞானிகள் அவருக்காக எழுதினார்கள். நல்லது. அந்த 19 பேரின் பெயர்களை இந்தச் சண்டையைப் பற்றிய கட்டுரைகளில் தேடிப் பாருங்கள்.

ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் ஒரு அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஆய்வுக்காக ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். அவர்களின் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. அங்கே நேர்ந்த சாவுகளுக்கு ஊசி காரணமல்ல என்றது விசாரணை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. கையெழுத்துப் போடாத தாய்க்கு அடுத்த ஊசியைப் பற்றி யார் போய் விளக்குவது?

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா ஊசி தொடங்கியது. டெல்லி எய்ம்ஸில் முதல் ஊசி ஒரு துப்புரவுப் பணியாளரின் கையில் ஏறியது. கேமராக்கள் மின்னின. அவருக்குப் போடப்பட்டது கோவாக்சின். அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு அப்போது வெளிவரவில்லை. அதே நாளில் டெல்லியின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் உறைவிட மருத்துவர்கள், எங்களுக்குக் கோவாக்சின் வேண்டாம், கோவிஷீல்டு கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் அதைக் ‘கவலை’ என்றன. நியாயமான கவலைதான். ஆனால் அதே கேள்வியைக் குப்பை அள்ளும் ஒரு பெண் கேட்டிருந்தால் அதன் பெயர் என்னவாக இருந்திருக்கும்?

ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் மாரடைப்பில் இறந்தபோது தமிழ்நாட்டில் பயம் காட்டுத்தீயாகப் பரவியது. சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு சொன்னதாகச் செய்தி வந்தது அக்டோபரில். இடையில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது. மே 1 முதல் 18 வயது தாண்டியவர்களுக்கு ஊசி என்றார்கள். கோவின் தளத்தில் முன்பதிவு செய்தால்தான் உண்டு. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் எப்படிப் பதிவது? நேரில் வந்தும் பதியலாம் என்று அரசு மையங்களுக்குச் சொன்னதே மே 24இல்தான். அந்த மூன்று வாரமும் ஊசி போடாதவர்களின் கணக்கில் தயங்கியவர்கள் எத்தனை பேர், வழியில்லாதவர்கள் எத்தனை பேர் என்று யாரும் பிரித்து எழுதவில்லை. முகாம் பகல் நேரத்தில். காட்டு வேலையும் கட்டட வேலையும் பகல் நேரத்தில். மறுநாள் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அன்றைய கூலியை யார் கொடுத்தார்கள்?