சக்குபந்தி

என் தொழில் நிலத் தரகு. லால்குடியில் பத்திர எழுத்தர்கள் உட்காரும் வரிசையில் ஒரு பெஞ்சு, ஒரு பை, பைக்குள் பிறத்தியார் பத்திரங்களின் நகல்கள். 1984லிருந்து இதுதான் என் வாசகசாலை. இலக்கியம் இரவில் படித்தது. பகலில் படித்ததும் இரவில் படித்ததும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காவிரிக்கரை ஊர்களைப் பற்றிய நம் நவீன எழுத்தில் நிலம் விற்கப்படுகிறது, வாங்கப்படுவதில்லை. அக்ரஹாரத்துத் திண்ணை இடிகிறது, கடைசி வேலி கைமாறுகிறது, ஒருவர் ஆற்றங்கரையில் நின்று திரும்பிப் பார்க்கிறார். அந்தத் துக்கம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கிரயப் பத்திரத்தில் இரண்டு பெயர்கள் உண்டு. எழுதிக் கொடுத்தவர் பெயர் ஒன்று, எழுதி வாங்கியவர் பெயர் ஒன்று. இரண்டாவது ஆசாமி நம் இலக்கியத்தில் வந்தால் பெரும்பாலும் கடன் கொடுத்த வஞ்சகனாக வருகிறான். என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

பத்திர பாஷையைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். நிலத்தின் அடையாளம் சக்குபந்தி. இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னாருக்கு மேற்கு, இதன் மத்தியில் உள்ள நஞ்சை இத்தனை குழி. அதாவது நிலம் எது என்பதை அதைச் சுற்றி நிற்பவர்கள் சொல்கிறார்கள். சர்வே நம்பர் வந்த பிறகும் இது போகவில்லை. நம்பர் சர்க்காருக்கு, சக்குபந்தி ஊருக்கு. அடுத்தாற்போல் அஷ்டபோகம்: நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். புதையலும் தண்ணீரும் கல்லும் மட்டுமல்ல. இனி வரப்போவதும், கைகூடியதும், கைகூடக் கூடியதும் சேர்த்தே விற்கப்படுகிறது. முக்கால் மா நிலத்தை விற்கிறவன் அதன் எதிர்காலத்தையும் பெயர் சொல்லி ஒப்படைக்கிறான். இதை எழுதுகிற எழுத்தருக்கும் அர்த்தம் தெரியாது, கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியாது. நகல் எடுக்கும் பையன் ‘ஆகாமி’யை ‘ஆசாமி’ என்று அடித்து, அதுவும் பதிவாகி, செல்லுபடியாகியிருக்கிறது.

இந்த பாஷை ஆயிரம் வருஷத்துச் சொத்து. லால்குடிக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையில் இருக்கும் அன்பில் கிராமத்தில் கிடைத்த செப்பேடுகள், சுந்தர சோழன் தன் மந்திரி அநிருத்த பிரம்மாதிராஜனுக்கு நிலம் கொடுத்ததைச் சொல்பவை. பத்தாம் நூற்றாண்டு. அந்தக் காலத்தில் எல்லை வகுக்கப் பெண் யானையை நடத்திக் கொண்டு போவார்கள். அது சுற்றி வந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். இன்று நாங்கள் சர்வேயரை நடத்திக்கொண்டு போகிறோம். யானைக்குக் கரும்பு, இவருக்குக் காப்பி.

திருச்சிக்கு மேற்கே காவிரியின் தென்கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு ஊர்கள். நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய சரித்திர ஆசிரியர் 1960களில் இவ்விரண்டின் சோழர் காலக் கல்வெட்டுகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார். பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் தங்கள் பெயரில் நிலம் வைத்திருந்தார்கள், விற்றார்கள். அல்லூரில் நிலம் ஊராரின் பொதுவில் இருந்தது. அதாவது ஒரு நிலத்தின் எல்லையாகத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் தகுதி இந்தக் கரையில் முதலில் யாருக்கு வந்தது என்பதற்கு ஒரு பதில் அதில் இருக்கிறது. பின்னால் மற்றவர்களுக்கும் வந்தது. எல்லாருக்கும் வரவில்லை. அந்த நிலத்தில் இறங்கி நாற்று நட்டவர்கள் பெயர் எந்தத் திசையிலும் வரவில்லை.

லால்குடியின் பழைய பெயர் திருத்தவத்துறை. சிவந்த கோபுரத்தைப் பார்த்து வந்தவன் ஒருவன் ‘லால் குடி’ என்றதாகக் கதை. கதை எப்படியோ, பெயர் நின்றுவிட்டது. ஊரை ஊராக்கியது கோபுரமல்ல, வாய்க்கால். காவிரியின் வடகரையில் வாத்தலைப் பக்கம் பிரிந்து வரும் அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் இந்தத் தாலுகாவின் நஞ்சையில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. எங்கள் தொழிலில் முதல் கேள்வி இன்றும் ‘எந்த வாய்க்கால்?’ என்பதுதான். இரண்டாவது கேள்வி தலைமடையா கடைமடையா. விலை மூன்றாவதாகத்தான் வரும். (மாட்டுத் தரகன் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவான். எங்களுக்கு அந்த நாகரிகம் கிடையாது. வாய்விட்டுக் கேட்டு மானத்தை வாங்குவோம்.) அளவு இங்கே மா, குழி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்றால் ஏறக்குறைய முப்பத்து மூன்று சென்ட்.

இந்த லால்குடி தாலுகாவின் நிலப் பதிவேடுகளை ஊர் ஊராக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் இன்னொரு ஜப்பானியர், ஹருகா யானகிசாவா. 1860களிலிருந்து 1970கள் வரை தமிழ்நாட்டு நஞ்சை நிலம் எந்தச் சாதியிடமிருந்து எந்தச் சாதிக்குப் போயிற்று என்பதைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1996ல் வந்தது. அதற்கு முன் 1989ல், 1895க்கும் 1925க்கும் இடையில் லால்குடித் தாலுகாவில் நடந்த கைமாற்றங்களைப் பற்றி மட்டும் தனிக் கட்டுரை. நம்மில் யாருக்கும் தோன்றாதது ஜப்பானில் ஒருவருக்குத் தோன்றியது என்று வெட்கப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவர் காட்டுவது சுருக்கமாக இது. பிராமணர் கையிலிருந்த நஞ்சை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறைய ஆரம்பித்துவிட்டது. திராவிட இயக்கம் கோட்டையைப் பிடித்தது 1967ல்; குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955ல். இரண்டுக்கும் வெகு முன்னால் நடந்த காரியம். திருச்சியில் காலேஜ்கள், சென்னையிலும் வடக்கேயும் உத்தியோகம், பெண் கல்யாணம் - விற்கக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. வாங்கியவர்களில் பெரிய கைகளும் உண்டு. பிராமணரல்லாத நிலச்சுவான்தார்கள் மேலும் பெருத்தார்கள். ஆனால் அதே பதிவேடுகளில் இன்னொரு வரிசையும் தெரிகிறது. முத்தரையர்கள், பள்ளர்கள், மற்ற உழைப்புச் சாதியினர், துண்டு துண்டாக, குழிக் கணக்கில் நிலம் வாங்கியிருக்கிறார்கள். கடல் கடந்து போனவர்கள் அனுப்பிய பணம் அதில் பேசுகிறது. ஆட்கள் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் போகலாம் என்று ஆனபிறகு, ஊரில் மிஞ்சிய ஆளுக்கும் கொஞ்சம் பேச வாய் வந்தது.

ஆராய்ச்சியாளருக்குப் பெயரின் வால்தான் ஆதாரம். அய்யர், ரெட்டியார், பிள்ளை, முத்திரியன், குடும்பன் என்று பெயர்களைப் பிரித்து எண்ணியிருக்கிறார். எண்ணிக்கையில் அகப்படாத ஒன்றைத் தரகன் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒருவன் ஒரு துண்டு நிலம் வாங்கினால் அவன் பெயர் ஒரு பத்திரத்தில் மட்டும் ஏறுவதில்லை. அதற்குப் பிறகு சுற்றியுள்ள நிலங்களில் எது கைமாறினாலும் அந்தப் பத்திரத்தில் எல்லையாக அவன் பெயர் வரவேண்டும். தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன், பெயரில் ‘ன்’ விகுதி மாறாதவன், ஓர் அய்யரின் பத்திரத்தில் தென்னெல்லையாக நிற்கிறான். அவனைச் சொல்லாமல் அய்யர் தன் நிலத்தை அடையாளம் சொல்ல முடியாது. 1920களின் பத்திரம் ஒன்றில் இப்படி ஒரு குடும்பனை முதல் தடவை பார்த்தபோது பையை மூடிவிட்டு எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். இதற்குச் சமமான ஒரு வரி நம் நாவல்களில் எனக்கு அகப்படவில்லை.

விற்றவர்கள் ஊர்ப் பெயரை இனிஷியலாக எடுத்துக்கொண்டு போனார்கள். லா.ச.ராவின் ‘லா’ லால்குடி, ‘ச’ அவர் தகப்பனார் சப்தரிஷி. அந்தப் பெயரும் இந்தக் கோயில் சாமியுடையது. பிடில் ஜெயராமனுக்கு ஊரே பெயராயிற்று. வாங்கியவர்கள் பெயரில் ஊர் இல்லை. அவர்களுக்கு வரப்பு இருந்தது. இதில் யார் கொண்டுபோனது அதிகம் என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். இனிஷியலை எடுத்துப் போனவர்கள் நமக்குப் புத்தகமும் சங்கீதமும் தந்தார்கள்.

சட்டங்களின் காலத்தை வேகமாகக் கடக்கிறேன். 1955க்குப் பிறகு குத்தகைதாரனை வெளியேற்றுவது லேசில்லை என்றாயிற்று. குத்தகை உள்ள நிலத்தின் விலை பாதிக்கும் கீழே போகும். ஆகவே ‘நீயே வாங்கிக்கொள்’ என்று சாகுபடி செய்பவனுக்கே எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு, நிலத்தில் ஒரு பங்கை அவனுக்கு விட்டு மீதியை மீட்டவர்களும் உண்டு. 1961ன் உச்சவரம்பு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970ல் அது பதினைந்து. இவை எடுத்துக் கொடுத்ததைவிட, எடுத்துவிடுவார்களோ என்ற பயம் விற்கவைத்தது அதிகம் என்பது எங்கள் வரிசையில் கிழவர்கள் சொல்லிக் கேட்டது. 1980 நவம்பரில் கர்ணம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒரே உத்தரவில் ஒழித்தது. ஊரின் ஞாபகம் ஒரு வீட்டுப் பரணில் இருந்தது போய், தாலுகா ஆபீசுக்குப் பாதியும் எங்களைப் போன்றவர்கள் பைக்குப் பாதியுமாக வந்து சேர்ந்தது. பரணில் இருந்தபோது அது யாருக்கு எதிராகவெல்லாம் வேலை செய்தது என்று தெரிந்தவர்கள் அதற்காக அழமாட்டார்கள்.

இனி நான் சம்பந்தப்பட்ட பகுதி. நஞ்சை மனையாவது. கல் நட்டு, கலர் துணி கட்டி, நாளிதழ்க்காரன் விளம்பரம் கேட்டு வந்துவிடுவான். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. மறு வருஷம் வரன்முறை விதிகள் வந்தன. தொழில் மூச்சு விட்டது. நானும் விட்டேன். விற்கிறவர்கள் யார் என்று பார்த்தால், முன்பு குழிக் கணக்கில் வாங்கினார்களே, அவர்களுடைய பேரன்கள். அவர்களுக்கும் அதே காரணங்கள்தான்: படிப்பு, உத்தியோகம், பெண் கல்யாணம். அவர்களைப் பற்றி இன்னும் யாரும் உருகி எழுதவில்லை.

சில வருஷம் முன்பு ஒரு முக்கால் மா. அய்யன் வாய்க்கால் பாசனம். மூன்று பக்கமும் மனையாகிவிட்டது, நடுவில் மிஞ்சியது இது. பாட்டி பேரில் இருந்தது; அவள் மாமனார் மலேயாவில் ரப்பர்ப் பால் எடுத்து அனுப்பிய பணத்தில் வாங்கியது. பேரன் திருப்பூரில் வேலை. அவனுக்கு அவசரம். பாட்டி மட்டும் எழுதியதைப் படிக்கச் சொன்னாள்.

“எல்லைய மட்டும் படி தம்பி. மத்தது வேணாம்.”

படித்தேன். மனை எண் பதினேழுக்கு வடக்கு, இருபத்து மூன்றடிப் பாதைக்குத் தெற்கு, மனை எண் இருபத்தொன்றுக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு.

“ஆளு பேரு ஒண்ணையும் காணுமே?”

“இன்னும் யாரும் வீடு கட்டலை ஆத்தா. வாங்கிப் போட்டிருக்காங்க.”

“பழசுல நாலு பேரு இருப்பாங்க. எங்க மாமனாரு சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

பழைய பத்திரம் என் பையில்தான் இருந்தது. எடுத்து வாசித்தேன். இரண்டு அய்யர், ஒரு ரெட்டியார், வாய்க்கால். பேரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெட்டியார் பெயர் வந்தபோது மட்டும் அவள் தலையை ஆட்டினாள், தெரிந்தவர் போலிருக்கிறது.

உள்ளே கைரேகை மெஷின் அவள் கட்டைவிரலை எடுத்துக்கொள்ளவில்லை. நாற்று நட்டுத் தேய்ந்த விரல்களுக்கு இது அடிக்கடி நடப்பதுதான். ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார்கள். மூன்றாம் தடவை பதிந்தது. தரகு இரண்டு பக்கமும் வாங்கினேன். பழைய பத்திரத்தின் அசல் வாங்கினவரிடம் போய்விட்டது. நகல் ஒன்று பாட்டி கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன்.