அபே நாடகசாலையிலிருந்து வெண்திரைக்கு

டப்ளின் நகரிலே 1888ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் ஜோசப் ஷீல்ட்ஸ் என்பவரை உலகம் அறியாது. பாரி பிட்ஸ்ஜெரல்ட் என்னும் நடிகரை அறியும். இருவரும் ஒருவரே. பகலில் அரசாங்க அலுவலகத்திற் கடமை பார்த்த அவர், இரவில் மேடையேறுவது மேலதிகாரிகளுக்குத் தெரியாதிருத்தற்பொருட்டே இப்புனைபெயரைப் பூண்டார் என்பர்.

அவர் ஏறிய மேடையோ சாதாரண மேடையன்று. கவிஞர் யேட்சும் கிறெகரி சீமாட்டியும் முன்னின்று 1904இல் தொடக்கிய அபே நாடகசாலை அது. ஐரிஷ் மக்களின் வாழ்வை அவர்களுடைய பேச்சிலேயே மேடையிற் காட்டுதல் அதன் நோக்கமாயிற்று. அங்கு நடித்தோரிற் பலர் பகலில் வேறு தொழில் பார்த்து, மாலையில் ஒத்திகைக்குக் கூடினர். இன்று பெரிய பாத்திரம் ஏற்றவர் நாளை இரண்டொரு வசனம் மட்டும் பேசுவார். முதலாம் உலக யுத்தக் காலத்தில் அங்கு சேர்ந்த பிட்ஸ்ஜெரல்ட் இத்தகைய பயிற்சியிலேயே வளர்ந்தார்.

அவரது ஆற்றலை முற்றாக வெளிக்கொணர்ந்தவர் ஷோன் ஓகேசி என்னும் நாடகாசிரியர். 1924இல் அரங்கேறிய ‘ஜூனோவும் மயிலும்’ என்ற நாடகத்திலே பிட்ஸ்ஜெரல்ட் கப்டன் பொயில் ஆனார். வேலை என்ற சொல்லைக் கேட்டதும் கால் நோவதாக முறையிடும் வீண்பெருமைக்காரன் இப்பொயில். சபையோர் அவனைக் கண்டு சிரிப்பர். ஆனால் இறுதியில் மகன் கொலையுண்டு, மனைவி வீட்டை விட்டகன்றபின், ஒன்றுமறியாது குடிவெறியில் அவன் தள்ளாடி வரும்போது அதே சிரிப்பு நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும். நகைச்சுவையும் அவலமும் ஒரே முகத்தில் நிற்க வேண்டிய பாத்திரம் அது.

1926இல் ‘கலப்பையும் நட்சத்திரங்களும்’ என்ற நாடகம் அரங்கேறியது. 1916ஆம் ஆண்டின் எழுச்சியை வீரகாவியமாகப் பாடாமல், சேரி மக்களின் கண்கொண்டு நோக்கிய நாடகம் அது. தியாகிகளை இழிவுபடுத்தியதெனச் சினந்தோர் அரங்கிற் கலகம் விளைத்தனர். சிலர் மேடையிலும் ஏறினர். அவ்வெழுச்சியிற் பங்குகொண்டு சிறைவைக்கப்பட்ட ஆதர் ஷீல்ட்ஸ், பிட்ஸ்ஜெரல்டின் சொந்தத் தம்பி. அவரும் அந்நாடகத்தில் நடித்தவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1929இல் ஓகேசியின் மற்றொரு நாடகம் லண்டனில் மேடையேறியபோதுதான் பிட்ஸ்ஜெரல்ட் உத்தியோகத்தைத் துறந்து முழுநேர நடிகரானார். அப்போது அவருக்கு வயது 41.

வெண்திரை அவரை உடனே உணர்ந்துகொள்ளவில்லை. ‘ஜூனோவும் மயிலும்’ 1930இல் ஹிச்கொக்கினாற் படமாக்கப்பட்டது. பொயிலாக நடித்தவர் எட்வேட் சப்மன் என்னும் ஆங்கிலேயர். மேடையில் அப்பாத்திரத்துக்கு உயிரூட்டியவருக்குக் கிடைத்ததோ ஒரு சொற்பொழிவாளரின் சிறு வேடம். ஆறாண்டுகளின் பின் ஜோன் போட் என்னும் நெறியாளர் அவரை ஹொலிவூட்டுக்கு அழைத்து, ‘கலப்பையும் நட்சத்திரங்களும்’ படத்திலே அவரது பழைய பாத்திரத்தையே அளித்தார்.

1944இல் வெளிவந்த ‘கோயிங் மை வே’ அவரைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியது. புரட்டஸ்தாந்தராகப் பிறந்த அவர், அதில் முதிய கத்தோலிக்கக் குருவாக நடித்தார். ஒரே பாத்திரத்துக்காகச் சிறந்த நடிகர், சிறந்த துணைநடிகர் என்னும் இரு ஒஸ்கார் விருதுகளுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. துணைநடிகர் விருது அவரைச் சேர்ந்தது. இவ்வாறு மீண்டும் நேராதவாறு பின்னர் விதி மாற்றப்பட்டது. 1952இல் வெளியான ‘த குவயட் மான்’ படத்திலே அவர் கல்யாணத் தரகராகவும், தம்பி ஆதர் புரட்டஸ்தாந்த போதகராகவும் தோன்றினர்.

1961இல் பிட்ஸ்ஜெரல்ட் டப்ளினிலே காலமானார். அன்பு நிறைந்த கிழவர், குறும்புக்கார ஐரிஷ்காரர் என்ற உருவிலேயே திரை அவரைப் பெரும்பாலும் வேண்டிற்று. அவ்வுரு இன்றும் படச்சுருளில் நிலைத்திருக்கிறது. சிரிப்பைக் கண்ணீராக மாற்றிய கப்டன் பொயிலோ எப்படச்சுருளிலும் பதியாமல், கண்டோர் நினைவோடு மறைந்தான். மேடைக்கலையின் விதி அதுவே. எனினும், திரையில் அவர் புருவம் உயர்த்தி ஒருகணம் மௌனமாய் நிற்கும்போது நாம் காண்பது, அலுவலகம் முடிந்த மாலைப்பொழுதுகளில் ஒரு சிறிய நாடகசாலை கற்றுக்கொடுத்த கலையையேயாகும்.